வெள்ளி மருந்தும் நீல மையும்: மேகமலைக்கு ஒரு காலோடு போன கதை

மேகமலைக்குப் போகிறவர்கள் பொதுவாக மேகத்தைப் பார்க்கப் போவார்கள். நான் ஒரு மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். 2010 பிப்ரவரி, இரண்டாவது வெள்ளிக்கிழமை. சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்குத் தேவையான தூரம், நேரம், செலவு எல்லாம் இதில் உண்டு. நடுநடுவே ஒரு புண்ணைப் பற்றியும் பேசுவேன். அருவருப்பு உள்ளவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் படிக்கலாம்.

மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். சளி, சீழ், சிறுநீர் என்று வருவதையெல்லாம் தட்டில் போட்டு, கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம் வேலை முடிந்தும் விடாது. ஹோட்டலில் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் தண்ணீர் குடித்ததில்லை.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது மார்க்கையன்கோட்டையில். மச்சானுக்கு ஐம்பத்து நான்கு வயது, இரண்டரை ஏக்கர் வாழை, பத்து வருஷமாகச் சர்க்கரை. முந்தைய ஆனி மாதம் தோட்டத்தில் ஏதோ கம்பி குத்தியது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு, அதனால் அவருக்குத் தெரியவே இல்லை. அக்கா ரத்தத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாராம். வலது காலில், சுண்டு விரலுக்குக் கீழே குழிப்புண். மாத்திரை, ஊசி, களிம்பு எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டும் ஏழு மாதமாக ஆறவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு சர்ஜன், முன்பாதத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லி, வருகிற வியாழக்கிழமை என்று தேதியும் கொடுத்துவிட்டார். மிச்சம் ஆறு நாள்.

இதற்கு நடுவில்தான் மேகமலை வருகிறது. மேலே ஒரு எஸ்டேட்டின் பழைய டிஸ்பென்சரியில் கம்பத்துக்கார டாக்டரம்மா ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், ஆறாத புண்ணுக்கு ‘நானோ வெள்ளி’ என்று ஒரு மருந்து போடுகிறார் என்று யாரோ சொல்ல, மார்கழியில் மச்சானும் அக்காவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று முறை போய்விட்டு வந்திருந்தார்கள். நானோ என்றால் அப்போது ஊரில் பாதிப் பேருக்குக் கார்தான் ஞாபகம் வரும். பொங்கலுக்கு நான் போனபோது பாட்டிலைக் காட்டினார்கள். கேரளத்துக் கம்பெனி. உரிம எண் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தது என்றுதான் சொல்கிறேன், அச்சடித்திருக்கவில்லை.

அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மருந்தில் கொஞ்சம் ஒரு சீசாவிலும், புண்ணின் சீழில் கொஞ்சம் பஞ்சிலும் எடுத்துக்கொண்டேன். எப்படிப் போடுவது என்று டாக்டரம்மா கொடுத்த தாளில் இருந்த ஒரு அபத்தத்தையும் திருத்திக் கொடுத்தேன். வாராவாரம் மலைக்கு அலைய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு மதுரைக்கு வந்தேன். கூடத்தில் அதே புண்ணின் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்தில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைத்தேன். மறுநாள் வில்லையைச் சுற்றித் துப்புரவாக ஒரு வட்டம். கிருமி செத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம் இரட்டிப்பானது. தட்டில் இவ்வளவு சுறுசுறுப்பாகக் கொல்கிற மருந்து காலில் ஏன் கொல்லவில்லை? வெள்ளி என்று சொல்லி வேறு எதையோ கலந்து விற்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நேரில் போய் நாலு கேள்வி கேட்டு, மச்சானை வியாழக்கிழமைக்குள் ஒழுங்காக ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பது என் திட்டம்.

இனி பயணம். ஆரப்பாளையத்தில் காலை 5.15க்குத் தேனி பஸ். டிக்கெட் 27 ரூபாய். உசிலம்பட்டி தாண்டும்போது விடிந்தது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஜன்னலோரம் இடது பக்கம் உட்கார்ந்தால் காற்றாலைகள் தெரியும். தேனி 7.20. பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டேன். சட்னி முந்தின நாளையது என்று தோன்றியதால் தொடவில்லை. அங்கிருந்து சின்னமனூர் 22 கிலோமீட்டர், 9 ரூபாய். வீரபாண்டியில் ஆற்றைக் கடக்கும்போது பஸ்ஸில் ஒருவர் விடாமல் அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை மினி பஸ்ஸில் பதினைந்து நிமிடம். 8.30க்கு அக்கா வீட்டில் இருந்தேன்.

மச்சான் காலில் துணி சுற்றிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“வா மாப்ள. டாக்டரம்மாவப் பிடிக்கப் போலீசு வரலையா, நீ மட்டுந்தேனா?”

“வியாழக்கிழமைய நெனச்சீங்களா மச்சான்? சிரிப்பு வருது உங்களுக்கு.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “நெனைக்காம? ராத்திரியெல்லாம் அதேன் நெனப்பு. அரைக்கால வச்சுக்கிட்டு வாய்க்கா வரப்புல எப்படி நிப்பேன்? ஆள விட்டு வாழை பாக்க முடியுமா? வித்துட்டு உங்க அக்காளோட சோத்துல ஒக்கார வேண்டியதுதேன்.”

அக்கா மஞ்சள் பையில் மருந்துப் பாட்டில், பஞ்சு, அந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

சின்னமனூரிலிருந்து மேலே காலையில் ஒரு பஸ் உண்டு. ஆனால் இந்தக் காலோடு அதில் ஏற்ற முடியாது. ஜீப் பேசியிருந்தோம். போக, வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். 8.50க்குக் கிளம்பினோம். டிரைவர் பெயர் ராசு, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சின்னமனூர் தாண்டியதுமே அவர் டாக்டரம்மாவின் புகழ் பாட ஆரம்பித்தார்.

“எங்க மாமனுக்குக் குதிகாலு சார். ரெண்டு வருசமா நாத்தம். பக்கத்துல ஒக்கார முடியாது. அந்த அம்மாகிட்டப் போனாக, சுரண்டி விட்டாக, மருந்து போட்டாக. இப்ப ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறாக.”

புகழ்ச்சி அதிகமாக இருக்கும் இடத்தில் கமிஷன் இருக்கும் என்பது என் அனுபவம். நேரடியாகவே கேட்டுவிட்டேன், ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று.

ராசு வண்டியை ஓரம் கட்டினார். “இங்கன பாருங்க சார். மூணு ஜீப்பு டிரைவரு மேல ஏறுறோம். அந்த அம்மாட்டப் போற வண்டிக்கு நாங்க வாடகை ஏத்துறதில்ல. சீசனுக்கு வாரவுககிட்ட ரெண்டாயிரம் வாங்குவோம். ஒங்ககிட்ட என்ன வாங்குனேன்? நம்பிக்கை இல்லேன்னா இறங்கிக்கிருங்க.”

“நீ ஓட்டுப்பா, அவன் டாக்டரையே நம்ப மாட்டான், ஒன்னைய நம்புவானா?” என்றார் மச்சான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாடகை விஷயத்தில் அவர் சொன்னது உண்மையா என்று திரும்பி வந்த பிறகு வேறு இரண்டு டிரைவர்களிடம் விசாரித்தேன். உண்மைதான்.

தென்பழனி சோதனைச் சாவடியில் 9.40. பெயர், வண்டி எண், எதற்குப் போகிறோம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. ஜல்லி பெயர்ந்து, மழைத் தண்ணீர் ஓடிய பள்ளம் நடுவில். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஒரே மூச்சில் திரும்பாது, பின்னால் வந்து மறுபடி திரும்ப வேண்டும். மச்சானின் காலை அக்கா மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் யானைச் சாணி புதிதாகக் கிடந்தது. ராசு இறங்கிப் பார்த்து, நேற்றையது என்றார். எனக்கு இன்றையதாகத்தான் பட்டது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தென்னையும் வாழையும் நெல்லுமாகப் பச்சை. மேலே போகப் போகக் குளிர்ந்து, பிறகு தேயிலை தொடங்கியது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குச் சின்னமனூரிலிருந்து மூன்று மணி நேரம் ஆனது.

12.10க்கு டிஸ்பென்சரி. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் தகரக் கூரைக் கட்டடம். பக்கத்துக் கடையில் கட்டஞ்சாயா ஐந்து ரூபாய். பால் இல்லாத டீயை மலையில் எல்லாரும் அப்படித்தான் மலையாளத்தில் கேட்கிறார்கள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் காலில்தான் கட்டு. சுவரில் பட்டம், சான்றிதழ் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒன்று இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மச்சானைப் பார்த்ததும் முதல் கேள்வி: “நாலு வாரமா எங்க போனீக? வாராவாரம் வரணும்னு சொன்னேனா இல்லையா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் நாலு கேள்விகளைத் தொடங்கினேன். தட்டில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் மருந்தில் வெள்ளிதான் இருக்கிறதா, வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, ஆர்வமாகக் கேட்டார்.

“வட்டம் எத்தனை மில்லிமீட்டர்?”

“பதினாறு.”

“நல்லா இருக்கே. தட்டுல இருக்கிற கிருமி தனித்தனியா அலையிற கிருமி. கால்ல இருக்கிறது கூட்டமா ஒட்டிக்கிட்டு, தனக்குத் தானே வழுவழுன்னு ஒண்ணைச் சுரந்து, அதுக்குள்ள பதுங்கியிருக்கு. பயோஃபிலிம்னு நீங்களே படிச்சிருப்பீக. மாத்திரை உள்ள போகாது.”

படித்திருந்தேன். எங்கள் கூடத்தில் அதைப் பார்க்க வழி கிடையாது. பார்க்க வழியில்லாததை நாங்கள் மறந்துவிடுவோம்.

மச்சான் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தார். “நம்ம சொட்டுநீர்க் குழாயில பிடிக்குமே டாக்டரம்மா, கொழகொழன்னு பாசி, அது மாதிரியா?”

“அதேதான். அதுக்கு என்ன செய்வீக?”

“சும்மா ஆசிட்ட ஊத்துனா மேலாகத்தான் போகும். கடைசி மூடியக் கழட்டி, வேகமாத் தண்ணி விட்டு அலசி, குச்சிய விட்டு ஆட்டி, பெறகு ஊத்தணும். ஊத்திட்டு விட்டுட்டாலும் மறுபடி பிடிச்சிரும்.”

“அவ்வளவுதான் வைத்தியம். சுரண்டுறது என் வேலை. மறுபடி பிடிக்க விடாமப் பாத்துக்கிறது வெள்ளி வேலை.” சொல்லிவிட்டு, ஒரு பழைய கோப்பைத் திறந்தார். எக்ஸ்ரே பிலிம் துண்டுகளில் புண்ணின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்திருந்தார். மார்கழி முதல் வரவு, இரண்டாவது, மூன்றாவது. ஒன்றன் மேல் ஒன்றை வைத்தார். வட்டம் உள்ளே உள்ளே சுருங்கியிருந்தது. பிறகு இன்றைய அளவை வரைந்து மேலே வைத்தார். முதலாவதை விடப் பெரிதாக இருந்தது.

“பொங்கல் வரைக்கும் ஆறியிருக்கு. பெறகு என்ன மாத்துனீக? எதை வச்சுக் கழுவுறீக? நான் குடுத்த தாளைக் காட்டுங்க.”

அக்கா மஞ்சள் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நாலாக மடித்தது. டாக்டரம்மா விரித்துப் பார்த்தார். ‘கொதிக்க வைத்து ஆறிய வெறும் தண்ணீரில் மட்டும் கழுவவும்’ என்று அச்சடித்திருந்த வரியில் ‘வெறும் தண்ணீர்’ நீல மையில் அடிக்கப்பட்டு, மேலே அழகான ஆங்கில எழுத்தில் சலைன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எத்தனை சதவீதம் என்பதும்.

அதுதான் நான் பொங்கலுக்குத் திருத்திய அபத்தம். எங்கள் கூடத்தில் எதைக் கரைப்பதும், எதைக் கழுவுவதும் சலைன் என்கிற அளவான உப்புத் தண்ணீரில்தான். வெறும் தண்ணீரில் புண்ணைக் கழுவச் சொல்கிற டாக்டர் என்ன டாக்டர் என்று நினைத்தேன். கூடத்திலிருந்து ஒரு பெட்டி பாட்டிலும் வாங்கி அனுப்பினேன். அது தீர்ந்ததும் வெந்நீரில் கல் உப்பைப் போட்டுக் கழுவச் சொன்னதும் நான்தான்.

“இது யாரு எழுதுனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

“நாந்தேன் எழுதுனேன் டாக்டரம்மா. சும்மா, ஒரு இதுக்கு.”

மச்சான் மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவதற்கே பேனாவை இரண்டு முறை உதறுவார். டாக்டரம்மா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்களா? இங்கிலீசுல?”

“ஆமா. தோட்டத்துல உரச் சாக்குல பாத்துப் பழகுனேன்.”

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதினேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் மருந்தை ஊற்றினார். கட்டஞ்சாயா நிறம். ஒன்றில் ஆறிய தண்ணீர், இன்னொன்றில் அலமாரியிலிருந்து எடுத்த சலைன். தண்ணீர் விட்டது வெளுத்த டீயாக நின்றது. சலைன் விட்டது கண் முன்னாலேயே சாம்பல் நிறமாக மங்கியது. “பொடிசா, தனித்தனியா இருக்கிற வரைக்கும்தான் இதுக்குப் பலம். உப்புப் பட்டா ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாயிரும். மத்தப் புண்ணுக்குச் சலைன் சரிதான். நீங்க தப்பானதைச் செய்யல, இங்க தப்பாப் போச்சு,” என்றார்.

இந்தத் துகள் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “முழுசாத் தெரியாது. அதனாலதான் ரெண்டு மாசத்துக்கு மேல போட மாட்டேன்,” என்றார். அன்று முழுவதும் கேட்டதில் நான் சந்தேகப்படாத பதில் அது ஒன்றுதான்.

பிறகு சுரண்டினார். உணர்ச்சி இல்லாத கால், மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு படலம் உரிந்து வந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் அதைத் தட்டில் பார்த்ததே இல்லை. கம்பி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டார். ஓரிடத்தில் தட்டிற்று. அவர் முகம் மாறியது.

“சுண்டு விரல் எலும்பைத் தொடுது. மூணாவது வரவுல இது இல்ல. பாதம் முழுக்க எடுக்க வேண்டாம்னு நினைக்கிறேன். விரல் போகும்.”

சர்ஜனுக்கு ஒரு கடிதம் எழுதி, நாலு பிலிம் துண்டுகளையும் அதோடு வைத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்குக் கிளம்பி 5.05க்கு மார்க்கையன்கோட்டை. வழியில் ராசு ஒரு முறை, “நல்ல சேதியா சார்?” என்று கேட்டார். மச்சான், “காலு இருக்குப்பா,” என்றார்.

சர்ஜன் கடிதத்தைப் படித்து, பிலிம்களை நீண்ட நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வியாழக்கிழமை சுண்டு விரலை மட்டும் எடுத்தார். அதற்குப் பிறகு வாராவாரம் மலை, வெறும் தண்ணீர், வெள்ளி மருந்தில் நனைத்த துணி. வைகாசியில் புண் மூடியது. வெள்ளிதான் ஆற்றியது என்று நான் எழுத மாட்டேன். சுரண்டியது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது, காலை ஊன்றாமல் வைத்திருந்தது, எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஒரே ஒரு காலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மேகமலை போகிறவர்களுக்கு: சின்னமனூரில் காலை ஒன்பதுக்குள் ஜீப் பிடியுங்கள். சீசன் இல்லாத நாளில் 1,600க்கு மேல் கொடுக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி கொண்டு போகலாம், எனக்குப் பெரிய பலன் தெரியவில்லை. மலையில் டீ தவிர நம்பிச் சாப்பிட ஏதும் இல்லை. டிரைவரிடம் கமிஷன் பற்றிக் கேட்காதீர்கள். சர்க்கரை இருந்தால் செருப்பில்லாமல் எங்கும் இறங்காதீர்கள், தினம் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆறாத புண்ணை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் கொடுத்த தாளில் புரியாதது இருந்தால் அவரிடமே கேளுங்கள். பேனாவை எடுக்காதீர்கள்.

புண் மூடிய அன்று டாக்டரம்மாவிடம் தனியாக ஒன்று கேட்டேன். நான் அந்த வரியை அடிக்காமல் இருந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா? அவர் கையைக் கழுவிக்கொண்டே, “சொல்ல முடியாது,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்தப் பதிலை இன்றுவரை நான் நம்பவில்லை.

போன மாதம் மார்க்கையன்கோட்டை போயிருந்தேன். தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

“மாப்ள, இந்தத் தண்ணி போதுமா, ஒன் பாட்டிலு வேணுமா?”

வாழைக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் விவரம் தெரியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் செய்வதைப் போல, அவர் வலது கால் விரல்களை எண்ணினேன். நாலு.